முதுகில் இருந்தவன் எம்பினான்

"ரெண்டு பேரும் பேய்தான். இதுல என்ன யோசனை?" என்றான் ஏணி. டீச்சரம்மா இன்னும் விளக்கைக்கூடப் போடவில்லை. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஏணி எங்கள் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவன். பலகை போடாமலே அட்டியின், அதாவது மூட்டை அடுக்கின், ஒன்பதாவது வரிசைக்கு மூட்டையை எட்டி வைக்கிற உயரம். எதிலும் முதல் ஆளாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவான். உயரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

கம்பெனி மாடியறையில் வாரத்துக்கு மூன்று மாலை எங்களுக்கு வகுப்பு. மூட்டை தூக்குகிறவர்கள், சாக்குத் தைக்கிற பெண்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் என்று பதினாறு பேர். எல்லோரும் கைநாட்டாகவே போய்ச் சேர இருந்தவர்கள். இரண்டு வருடப் படிப்பு முடிந்து கடைசித் தேர்வு வந்திருந்தது. ஒரு படம் பார்க்க வேண்டும். அதன் முடிவைப் பற்றி ஒரு பக்கம் சொந்தமாக எழுதி, கல்வி அதிகாரியின் முன்னால் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எந்தப் படம் என்பதை வகுப்பே தீர்மானிக்கலாம். டீச்சரம்மா நல்ல குடும்பப் படம் ஒன்றைச் சொன்னார். அதற்குத் தூக்கிய கை அவருடையது மட்டும். பேய்ப் படத்துக்குப் பதினாறு கை. "சரி, போர் வர்ற பேய்ப் படமா பாத்து எடுக்கறேன். கொஞ்சம் வரலாறாவது தெரிஞ்சுக்குங்க" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

படத்தின் கதை பெரிதில்லை. மலை உச்சியில் ஒரு பதுங்கு குழி. அதைக் காக்க ஒன்பது சிப்பாய்கள் போகிறார்கள். முன்பு அங்கே செத்துப்போன படையின் ஆவிகள் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோகின்றன. கடைசியில் இரண்டு பேர் மிச்சம். ஒருவனுக்கு வயிற்றில் காயம். மற்றவன் அவனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு பனியில் மலை இறங்குகிறான். கீழே அவர்களுடைய முகாம். வாசலில் ஒரு தடுப்புக் கட்டை, ஒரு காவல்காரன். சுமந்து வந்தவன் கட்டைக்கு முன்னால் நிற்கிறான். காவல்காரன் சிகரெட் பற்றவைக்கிறான். தலை நிமிர்ந்து இவர்கள் பக்கம் பார்க்கிறான். பார்வை இவர்களைத் தாண்டி எங்கோ போகிறது. கட்டை உயரவில்லை. திரை முழுக்க வெள்ளையாகிறது. அவ்வளவுதான்.

"காவல்காரன் கண்ணுக்குத் தெரியல பாத்தியா? அதான் சாட்சி. மலையிலயே செத்துட்டானுங்க, தெரியாம நடந்து வந்துட்டானுங்க" என்றான் ஏணி.

வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. டீச்சரம்மாவும் ஆட்டினார். "பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காவல்காரன் வாயிலேர்ந்து குளிர்ல ஆவி வருது. இவங்க ரெண்டு பேர் வாயிலேர்ந்து வரல. கவனிச்சீங்களா?"

"முகத்தைக் காட்டினாத்தானே டீச்சர் ஆவி தெரியும்? அந்த இடத்துல முதுகைத்தானே காட்டறாங்க" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள். வகுப்பில் நான் வாய் திறப்பது அபூர்வம்.

"அப்ப நீ என்னண்ணே சொல்ற?" என்று கேட்டான் ஏணி.

"ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. முதுகுல இருக்கறவன் கட்டாயமா உசுரோட இருக்கான்."

"அப்ப காவல்காரன் ஏன் பாக்கல?"

"டேய், முப்பத்தெட்டு வருஷமா நான் இந்த கேட் வழியா போறேன், வரேன். எந்தக் காவல்காரன் என்னைப் பாத்தான்? அப்ப நான் செத்துட்டேனா?"

சிரிப்பு கிளம்பியது. ஏணி விடவில்லை. "செத்தவன் மாதிரிதானே நடக்கற" என்றான். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடுப்பு போன ஆளை வேறு எப்படிச் சொல்வது?

மூட்டை தூக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். மூட்டை முதுகில் ஏறியதும் கீழே நழுவ ஆரம்பிக்கும். பத்துப் பதினைந்து காலடிக்கு ஒரு தரம் சுமப்பவன் ஒரு குலுக்குக் குலுக்கி அதை மேலே ஏற்றுவான். மூட்டை சும்மா கிடக்கும், பாடு எல்லாம் நம்முடையது. உயிருள்ள ஆளைச் சுமந்தால் கதை வேறு. நாம் குலுக்குகிற அதே நொடியில் அவனும் எம்புவான். தெரிந்து செய்ய மாட்டான். நினைவு தப்பிக் கிடந்தாலும் உடம்பு செய்யும். தொடை இறுகும், இடுப்பு ஒரு விரற்கடை மேலே வரும். பாரம் பாதியாகும். அந்தப் படத்தில் மலை இறங்கும்போது சுமந்தவன் மூன்று தரம் குலுக்குகிறான். மூன்று தரமும் முதுகில் இருந்தவன் எம்புகிறான். நான் எண்ணினேன்.

"அது நடிகன்யா! அவன் உசுரோடதானே இருப்பான்! எம்பாம என்ன செய்வான்?" என்று கத்தினான் ஏணி.

நல்ல கேள்வி. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "நடுவுல ஒரு பிணத்தைத் தூக்கிட்டுப் போவாங்களே, அந்தக் குட்டையான சிப்பாயை, அவனும் நடிகன்தான். அவன் எம்பினானா? ஈரச் சாக்கு மாதிரி தொங்கினான். படம் எடுத்தவனுக்கு வித்தியாசம் தெரியுதுடா."

ஏணி வாயை மூடினான். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தரம்.

சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் ஜோடியின் மனைவி. எங்கள் வேலையில் ஜோடி என்று ஒன்று உண்டு. ஒருவன் மூட்டையைத் தூக்கிவிட மற்றவன் முதுகு கொடுப்பான். இருபது வருடம் எனக்குத் தூக்கிவிட்டவன் அவன். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அதனால் அவன் கட்டிக்கொண்டவள் எனக்குத் தங்கச்சி ஆனாள். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அட்டி சரிந்து மாப்ளே அடியில் சிக்கினான். நாங்கள் மூட்டைகளை இழுத்துப்போட்டு அவனை வெளியே எடுத்தோம். நான்தான் முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே போனதும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் மேனேஜர் அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. 'தூக்கும்போதே உயிர் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. எனக்குப் படித்துக் காட்டினார்கள். படிக்கத் தெரியாததால் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லி நான் தப்ப முடியாது. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. "சரிதானே?" என்றார் மேனேஜர். தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன். அன்று சாயங்காலம் தங்கச்சியிடமும் அதையே சொன்னேன். "அவனுக்கு ஒண்ணுமே தெரியலம்மா. வலியே இல்ல. அடியில இருந்தப்பவே போயிட்டான்."

அது பொய். மாப்ளே என் முதுகில் எம்பினான்.

அன்றிலிருந்து அவள் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். யார் கேட்டாலும் "அவருக்கு வலியே தெரியலையாம்" என்பாள். சாக்குத் தைக்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். என்னைப் பார்த்தால் அண்ணே என்று எழுந்து நிற்பாள். அந்த மரியாதை ஒவ்வொரு நாளும் என் இடுப்பு வலியோடு சேர்ந்து வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். படத்தைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. மீதி அரைப் பக்கத்துக்குப் பேனா தானாக மாப்ளேயிடம் போய்விட்டது. எழுதி முடித்ததும் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். தேர்வு நாளுக்கு நான் போட இருந்த சட்டைக்கு அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடிக்கும்வரை ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இதால யாருக்கு நல்லது?"

"நல்லது கெட்டது இல்ல. நடந்தது."

"பதினோரு வருஷமா நடக்காதது இப்ப நடந்துடுச்சா? அவ நிம்மதியா இருக்கா. அதைக் கெடுக்கறதுக்கா உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க?"

"அந்த நிம்மதி நான் குடுத்த கள்ளச் சரக்கு."

"சரக்கு கள்ளமோ நல்லதோ, அவ அதை வச்சுத்தான் பொழைச்சா." சட்டையை உதறி மடித்தாள். "பாஸ் பண்ணினா கேட் சீட்டு எழுதற கவுண்டர்ல நாற்காலி போட்டுக் குடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. இடுப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேஞ்சுபோச்சு. பேயின்னு எழுதிட்டு வாங்களேன். எல்லாரும் அதைத்தானே எழுதறாங்க?"

"எல்லாரும் ஏன் அதை எழுதறாங்க தெரியுமா? செத்துட்டான்னு முடிச்சுட்டா கட்டையைத் தூக்காதவன் மேல பழி இல்ல. பேய்க்கு எவன் கதவு திறப்பான்?"

அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர், கையில் தோல் பை, பேச்சில் மரியாதை, கண்ணில் அவசரம். கரும்பலகை இருக்கிற மேடை மேல் நாற்காலி போட்டிருந்தோம். மேடைக்கு இரண்டு படி. ஒவ்வொருவராகப் படியேறி வாசிக்க வேண்டும்.

ஏணிதான் முதல். "இருவரும் பேய்கள். பேய்க்குப் பாரம் தெரியாது. ஆகையால் சுமந்தவருக்குக் கஷ்டம் இல்லை. காவல்காரருக்கும் தவறு இல்லை. நன்றி" என்று மூச்சு விடாமல் வாசித்து முடித்தான். "தெளிவா இருக்கு" என்று அதிகாரி குறித்துக்கொண்டார். ஏணி இறங்கி வரும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நான் ஏழாவது. படத்தைப் பற்றிய முதல் பாதியை வாசித்தேன். மூன்று குலுக்கல், மூன்று எம்பல், அந்தக் குட்டைச் சிப்பாயின் பிணம், எல்லாம். அதிகாரி பேனாவை மூடினார்.

"பெரியவரே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது பொருந்தாதே. முதுகுல இருக்கறவன் அசையறதையெல்லாம் வச்சு முடிவு சொல்ல முடியுமா? அது தற்செயலா இருக்கலாம்."

"தற்செயலா நடக்காது சார்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

தாளை மேசைமேல் வைத்தேன். முதுகைக் காட்டிக் குனிந்தேன். "ஏறுங்க சார்."

"என்னது?"

"முதுகுல ஏறுங்க. ரெண்டு நிமிஷம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ஐயையோ, என்ன இது!" என்று டீச்சரம்மா ஓடி வந்தார். ஆனால் அதிகாரியிடம் ஏதோ ஒரு நல்ல குணம் இருந்தது. பையைக் கீழே வைத்தார், கண்ணாடியைக் கழற்றி டீச்சரம்மாவிடம் கொடுத்தார், ஏறிவிட்டார். எழுபது கிலோ இருப்பார் என்று பார்த்தேன். அறுபதுதான் இருந்தார். படியிறங்கி, வகுப்பைச் சுற்றி நடந்து, மறுபடி படியேறும்போது ஒரு குலுக்குக் குலுக்கினேன்.

"எம்பினீங்களா சார்?"

"இல்லையே."

"எம்பினீங்க சார்!" என்று பதினைந்து குரல்.

"இல்லப்பா, நான் சும்மாதான் இருந்தேன்."

"சரி. இந்தத் தரம் செத்த மாதிரி இருங்க" என்றேன். அவர் தலையை என் தோளில் தொங்கப் போட்டார், கைகளைத் தளர்த்தினார். நன்றாகத்தான் செத்தார். படியில் குலுக்கினேன். தொடை இறுகியது. இடுப்பு மேலே வந்தது. வகுப்பு கைதட்டியது. மேசையைத் தட்டிக்கொண்டு, "தோத்துட்டீங்க சார், செத்தும் எம்பிட்டீங்க!" என்று ஏணி கூவினான்.

அவரை இறக்கிவிட்டேன். இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. மேசையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். "ஆச்சரியமா இருக்கு. எனக்கே தெரியலையே" என்றார்.

"தெரியாது சார். உசுரு இருக்கறவன் எம்பாம இருக்க முடியாது."

சிரிப்பெல்லாம் அடங்குவதற்குள் சன்னல் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணே."

தங்கச்சி எழுந்து நின்றிருந்தாள். அவள் சிரித்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"மூட்டை தூக்கற ஆளு நீங்க. மனுசனைத் தூக்கினா எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரைத் தூக்கிப் பாத்தீங்க?"

வகுப்பில் பாதிப்பேர் அந்த மத்தியானம் கிடங்கில் இருந்தவர்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"மீதி இருக்கு. வாசிக்கிறேன்" என்றேன். மேசைமேல் கிடந்த தாளை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வாசித்தேன். நான் எழுதியிருந்தது இதுதான்:

'நான் ஒருவரைச் சுமந்திருக்கிறேன். அவர் என் ஜோடி. அட்டி சரிந்து அடிபட்டவர். கிடங்கின் மூன்று படி இறங்கும்போது நான் குலுக்கினேன். அவர் எம்பினார். ஆகவே உயிர் இருந்தது. கேட்டுக்குப் போனேன். காவல்காரர் புதியவர். சீட்டு எங்கே என்றார். எங்கள் கம்பெனியில் முதுகில் எதை வைத்துக்கொண்டு வெளியே போனாலும் சீட்டு வேண்டும். இருபத்தேழு வருடம் சீட்டு என்று கேட்டால் திரும்பிக் கவுண்டருக்குப் போய்ப் பழகிய கால். நான் திரும்பிவிட்டேன். இது மூட்டை இல்லை, ஆள் என்று சொல்லத் தோன்றவில்லை. திரும்பும்போது அவர் மறுபடி எம்பினார். நான் குலுக்காமலே எம்பினார். கவுண்டர் நூற்று இருபது காலடி. அங்கே சீட்டு எழுதுகிறவர் என்னைப் பார்த்து அலறினார். அதன் பிறகுதான் கேட் திறந்தது. அப்போது முதுகில் இருந்தவர் மூட்டை போல ஆகியிருந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை என்று நான் வைத்த கைநாட்டு பொய். கேட் திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தார் என்று தெரியும். ஆகவே அந்தப் படத்திலும் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். கட்டையைத் தூக்க வேண்டும்.'

வாசித்து முடித்ததும் கீழே லாரி ஒன்று பின்னால் வருகிற சத்தம் கேட்டது.

அதிகாரி தாளை எடுத்துத் தானே ஒரு முறை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் பேசினார். "பெரியவரே, வகுப்புக்கு இடம் குடுத்தது கம்பெனி. விடைத்தாள் எல்லாம் சான்றிதழோட அவங்க அலுவலகத்துக்குத்தான் போகும். உங்க கோப்புல சேரும். புரியுதா? முதல் பாதியே போதும். கீழ்ப்பாதியை வெட்டிடுங்க, பாஸ் போட்டுடறேன்."

"வெட்ட மாட்டேன் சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாற்காலி வேலை போயிடும்."

"போகட்டும். அந்தக் கோப்புல என் கட்டைவிரல் ஒண்ணு கிடக்கு. அது பக்கத்துல இதுவும் கிடக்கட்டும்."

"தேர்வுக்குச் சம்பந்தம் இல்லாததுன்னு நானே வெட்ட வேண்டி வரும்."

"வெட்டினா மறுபடி எழுதுவேன். இப்பத்தான் எழுதத் தெரியுமே சார்."

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கச்சி மேசைகளுக்கு நடுவே நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

"பேசினாரா?"

"இல்லம்மா."

"முனகினாரா?"

"மூச்சு சத்தம் கேட்டுச்சு. காது கிட்ட."

"எத்தனை தடவை எம்பினாரு?"

"ரெண்டு."

"ரெண்டாவது, நீங்க திரும்பினப்ப."

"ஆமா."

"நீங்க குலுக்கல. அவரா எம்பினாரு."

"ஆமா."

"அப்ப போகாதேன்னு சொல்லியிருக்காரு."

நான் தலையை மட்டும் அசைத்தேன். அவள் விடவில்லை.

"வாயால சொல்லுங்க."

"போகாதேன்னுதான் சொன்னான்."

"நீங்க போனீங்க."

"போனேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். எந்தத் திட்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் கையில் மடித்து வைத்திருந்த தன் தாளைப் பிரித்தாள். அடுத்தது அவள் முறை. முதல் வரி எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. எழுத்து அவ்வளவு பெரியது. 'இருவரும் முதல் குண்டிலேயே இறந்துவிட்டார்கள். அவர்களுக்கு வலி தெரியவில்லை.' அவள் அதை நான்காகக் கிழித்தாள். கிழித்ததை அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு வேற தாள் வேணும் சார்."

"அம்மா, கிழிக்கக் கூடாது அதை. அதுதான் உங்க விடைத்தாள்."

"அது என் விடை இல்ல சார். இவரு சொன்னதைக் கேட்டு எழுதினது." என் பக்கம் விரலைக்கூட நீட்டாமல், தாடையால் காட்டினாள். "பதினோரு வருஷமா அதையே ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வலி இல்ல, வலி இல்லன்னு. நல்லாப் பேசினேன். கம்பெனிக்கு நானே வக்கீலா இருந்திருக்கேன்."

"எனக்கு நேரமாகுதும்மா. இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க." அதிகாரி பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாங்க ஒன்பது பேரும் இருக்கோம் சார். எங்க போகப் போறோம்?" என்றான் பின்னாலிருந்து ஏணி. அவன் முடித்தாயிற்று, அந்த ஒன்பதில் அவன் இல்லவே இல்லை. ஆனாலும் எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டான். கதவு தெரியவில்லை. "அக்கா எழுதட்டும். நான்கூட ஒரு வரி மாத்த வேண்டியிருக்கு. காவல்காரர் தப்பு இல்லன்னு எழுதிட்டேன்."

டீச்சரம்மா தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தங்கச்சியிடம் நீட்டினார். அதிகாரியின் முகத்தைப் பார்க்காமலே செய்தார். தங்கச்சி முதல் வரிசை மேசையில் உட்கார்ந்தாள். பேனாவை அவள் சாக்கு ஊசி பிடிக்கிறது போலத்தான் பிடிப்பாள், நேராக நிறுத்தி. ஒவ்வொரு எழுத்தும் தாளைக் குத்திக்கொண்டு போகும்.

நான் படியிறங்கினேன். அங்கே எனக்கு வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியது. அவள் முன்னால் நிற்கிற தெம்பும் இல்லை. கதவுப் பக்கம் திரும்பினேன்.

"உக்காருங்க" என்றாள் தங்கச்சி, தலையைத் தூக்காமல். அண்ணே என்று சேர்க்கவில்லை. "எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கயே இருங்க. கேக்க வேண்டியது நெறைய இருக்கு."

எதிரில் உட்கார்ந்தேன்.

"கேட் காவல்காரன் கிட்ட ஆள் அடிபட்டிருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"பின்னாலயே ரெண்டு பேர் ஓடி வந்தாங்க. கத்தினாங்க. சீட்டு இல்லாம திறந்தா என் வேலை போயிடும்னான்."

எழுதினாள். "சீட்டுச் சட்டம் யாரு போட்டது?"

"மேனேஜர்."

எழுதினாள். மேனேஜர் என்பதில் எந்த 'ன' என்று ஒரு கணம் யோசித்தாள். யாரையும் கேட்கவில்லை. யோசித்து எழுதினாள்.

"கவுண்டர் எத்தனை காலடின்னீங்க?"

"நூத்தி இருபது."

"போறதுக்கா, போயிட்டு வர்றதுக்கா?"

இதை நான் எழுதியிருக்கவில்லை. எழுதும்போது தோன்றவே இல்லை.

"போறதுக்கு மட்டும்" என்றேன்.

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் குனிந்து, எண்ணில் போடாமல் எழுத்தில், இருநூற்று நாற்பது என்று எழுதினாள். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், கதவை மறைத்துக்கொண்டு நிற்கிற ஏணியைப் பார்த்தார், கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.